தையலுக்குப் பிறகு வரும் மூன்றாம் நாள்

குடல் ஆபரேஷன் முடிந்து நாயை வீட்டுக்குக் கூட்டிவருபவர்கள் பெரும்பாலும் தையல் பிரிக்கும் தேதியைத்தான் கேட்டு வாங்கிக்கொண்டு வருகிறார்கள். காலண்டரில் வட்டம் போடுவதும் அந்தத் தேதிக்குத்தான். கண் விழித்துப் பார்க்க வேண்டிய நாட்கள் அதற்கு வெகு முன்னாலேயே வந்துவிடும். மூன்றாம் நாள், நாலாம் நாள், ஐந்தாம் நாள். நாய் எழுந்து நடக்கும், வாலை ஆட்டும், வயிற்றுத் தையல் காய்ந்து அழகாக இருக்கும். உள்ளே குடல், தைத்து முடித்த நேரத்தில் இருந்ததைவிட அந்த நாட்களில்தான் பலவீனமாக இருக்கும். எங்கள் நாய் செவலை வயிற்றில் தையலோடு தார்சாவில் படுத்துக் கிடந்த காலத்தில் தெரிந்துகொண்டது இது. அதிலிருந்து நாய் வளர்க்கும் யாரைப் பார்த்தாலும் இதைச் சொல்லாமல் விடுவதில்லை.

எங்கள் ஊர் திருநெல்வேலி மாவட்டத்தில் மானூர் பக்கம். செவக்காடும் கிடை ஆடும் உள்ள பூமி. செவலை, கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து மாமா கொண்டுவந்து கொடுத்த குட்டி. சிப்பிப்பாறை வேட்டை நாயும் ஊர் நாயும் கலந்த பிறப்பு. நீண்ட முகம், ஒட்டிய வயிறு, ஓட்டத்துக்கென்றே அமைந்த கால்கள். நிறத்தை வைத்துப் பெயர் வைத்தது ஆச்சி.

அது ஆனி மாதம். குற்றாலத்தில் சாரல் விழத் தொடங்கினால் எங்கள் பக்கம் மழை வராது, காற்று மட்டும் வரும். சந்தையில் நீலம் மாம்பழம் குவிந்து கிடக்கும் நேரம். தெருவில் எங்கு பார்த்தாலும் சப்பிப் போட்ட மாங்கொட்டை. ஒரு சாயங்காலம் செவலை தின்ற சோற்றை அப்படியே கக்கியது. நாய் கக்குவது புதிதல்ல. ஆனால் மறுநாள் காலையில் தண்ணீர் குடித்த கொஞ்ச நேரத்தில் அதையும் கக்கியது. தாகம் அடங்காமல் மறுபடி போய்க் குடிக்கும், மறுபடி கக்கும். நடுவில் ஒரு வினோதமான நிற்பு. முன்னங்கால்களை முழங்கை வரை தரையில் பதித்து, பின்புறத்தை மட்டும் தூக்கிக்கொண்டு அப்படியே நிற்கும். சோம்பல் முறிக்கிறது என்று அம்மா சொன்னாள். சோம்பல் முறிக்கும் நாய் அடுத்த நொடி நிமிர்ந்துவிடும். இது அந்த நிலையிலேயே நின்றது. வயிறு வலிக்கும் நாய் இப்படித்தான் நிற்கும் என்பதை இதை வாசிக்கிறவர்கள் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஊர் கால்நடை மருந்தக டாக்டர் இரண்டு கையாலும் வயிற்றைப் பக்கவாட்டில் அழுத்திப் பார்த்தார். ஒட்டிய வயிற்று நாய்க்கு இது ஒரு நன்மை, விரலுக்கு எல்லாம் தட்டுப்படும். ஒரு இடத்தில் கை நின்றது. செவலை முனகியது.

"குடல்ல என்னமோ கட்டியா நிக்கு. இங்க வச்சு ஒண்ணும் செய்ய முடியாது. ராமையன்பட்டிக்குக் கொண்டு போயிருங்க, இன்னைக்கே" என்றார்.

இராமையன்பட்டியில் 2012இல் கால்நடை மருத்துவக் கல்லூரி வந்தது எங்கள் பக்கத்துக்குப் பெரிய கொடை. லோடு ஆட்டோவில் சாக்கை விரித்துச் செவலையைக் கிடத்திக் கொண்டுபோனோம். அங்கே மாணவர்கள் சுற்றி நிற்க, பேராசிரியர் அவர்களுக்கு விளக்கிக்கொண்டே வைத்தியம் பார்ப்பார். நாயோடு வந்தவனும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றால் நிறையத் தெரிந்துகொள்ளலாம். கீழே வருவதில் பாதி அங்கே கேட்டது. மீதி, வீட்டுக்கு வந்த பிறகு கிடைத்த புத்தகங்களையெல்லாம் தேடி வாசித்தது.

எக்ஸ்ரேயில் எலும்பு, கல், இரும்பு என்றால் பளிச்சென்று தெரியும். மாங்கொட்டை அப்படித் தெரியாது. அதனால் டாக்டர்கள் கொட்டையைத் தேடுவதில்லை, குடலின் பருமனைப் பார்க்கிறார்கள். அடைப்புக்கு மேலே உள்ள குடலில் காற்றும் நீரும் தேங்கி அது உப்பிவிடும். இடுப்புப் பகுதியின் ஐந்தாவது முதுகெலும்பின் உயரத்தை அளவுகோலாக எடுத்துக்கொள்வார்கள். சிறுகுடலின் அகலம் அந்த உயரத்தைப்போல் 1.6 மடங்குக்கு மேல் போனால் அடைப்பு இருக்கிறது என்று சந்தேகம். செவலையின் படத்தில் யாருக்கும் அளவுகோல் தேவைப்படவில்லை. உப்பிய வளையங்கள் தெளிவாகத் தெரிந்தன. ஸ்கேனில் கொட்டையின் விளிம்பும் அதன் பின்னால் கறுத்த நிழலும் விழுந்தன.

உடனே அறுத்து எடுத்துவிடுவார்கள் என்று நினைத்தேன். எடுக்கவில்லை. முதலில் ட்ரிப்ஸ் ஏற்றினார்கள், ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள், மறுபடி ஏற்றினார்கள். எனக்கு நிலைகொள்ளவில்லை. பேராசிரியர் என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, கக்கிக் கக்கி உடம்புல தண்ணியும் இல்ல, உப்பும் இல்ல. இந்த நிலைமையில மயக்கம் கொடுத்தா கொட்டை வெளிய வரும், நாய் எந்திரிக்காது."

அது மிகையான பேச்சல்ல. மேல் குடல் அடைத்துத் தொடர்ந்து கக்கும் நாய், வயிற்று அமிலத்தோடு குளோரைடையும் பொட்டாசியத்தையும் இழக்கிறது. பொட்டாசியம் குறைந்தால் தசைகள் தளரும், குடலின் அசைவு நின்றுபோகும், இதயத் துடிப்பு தாளம் தப்பும். அடைப்பு இருக்கும் இடத்திலோ வேறொரு வேலை நடந்துகொண்டிருக்கும். குடல் சுவர் விரிய விரிய, முதலில் நசுங்குவது மெல்லிய சுவருள்ள சிரைகள். ரத்தம் உள்ளே வரும், திரும்பப் போக வழியில்லை. சுவர் வீங்கிச் சிவந்து, ஊதா நிறமாகி, கடைசியில் கறுக்கும். கறுத்த சுவர் கிருமியைத் தடுத்து நிறுத்தாது. ஆக, காத்திருக்கவும் முடியாது, அவசரப்படவும் முடியாது. அந்தச் சில மணி நேரத்தை எப்படிச் செலவிடுவது என்பதில்தான் டாக்டரின் கைதேர்ச்சி இருக்கிறது.

மயக்கம் கொடுக்கும் முன் செவலையின் இனம் என்ன என்று திரும்பத் திரும்பக் கேட்டார்கள். கிரேஹவுண்ட் முதலான ஒல்லி வேட்டை நாய்களின் உடம்பு, தயோபென்டோன் என்ற மயக்க மருந்தை மெதுவாகத்தான் கரைத்து வெளியேற்றும். தெளிய நெடுநேரம் ஆகும். நம் சிப்பிப்பாறை, கன்னி இன நாய்களுக்கும் அதே உடல்வாகு. வீட்டில் இந்த இன நாய் இருந்தால் எந்த ஆபரேஷனுக்கு முன்பும் டாக்டரிடம் இனத்தைச் சொல்லிவிடுங்கள்.

வயிற்றின் நடுக்கோட்டில் நீளமாகக் கீறி, இரைப்பையிலிருந்து பெருங்குடல் வரை முழுவதையும் விரலால் தடவிப் பார்ப்பார்களாம். ஒரு கொட்டை இருக்கும் இடத்தில் இரண்டாவதும் இருக்கலாம் என்பதால். குடல் நன்றாக இருந்தால் வேலை சுலபம். அடைப்புக்குக் கீழே உள்ள நல்ல இடத்தில் கீறி, பொருளை அதன் வழியாகத் தள்ளி எடுத்து, தைத்துவிடலாம். குடல் கெட்டிருந்தால் அந்தத் துண்டையே வெட்டி எறிந்து, இரண்டு முனைகளையும் சேர்த்துத் தைக்க வேண்டும். கெட்டதா இல்லையா என்று முடிவு செய்ய மூன்று அடையாளங்கள் பார்க்கிறார்கள். நிறம், குடலுக்கு வரும் ரத்தக் குழாயில் நாடி, மெல்லக் கிள்ளினால் சுருங்கி விரியும் அசைவு.

செவலைக்கு வெட்டத்தான் வேண்டியிருந்தது. முடிந்த பிறகு ஒரு மாணவர் கிட்னி ட்ரேயில் வைத்துக் கொண்டுவந்து காட்டினார். ஒரு சாண் நீளக் குடல், நடுவில் புடைப்பு, அந்தப் புடைப்பைக் கீறி எடுத்த கொட்டை பக்கத்தில். கொட்டையின் நார் பித்தநீரில் ஊறிப் பச்சையும் கறுப்புமாக ஒட்டிக் கிடந்தது. குடலின் இரண்டு ஓரமும் இளஞ்சிவப்பு. அங்கிருந்து நடுவை நோக்கி நிறம் மாறிக்கொண்டே வந்து, கொட்டை அழுத்திய இடத்தில் சாம்பல் கலந்த கறுப்பு. மாணவர் கையுறை விரலால் அந்த இடத்தைத் தொட்டார். நகம் படாமலேயே கிழிந்தது. ஒருநாள் தள்ளியிருந்தால் அது வயிற்றுக்குள் கிழிந்திருக்கும் என்று யாரும் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை.

இவ்வளவு குடலை எடுத்துவிட்டால் நாய் எப்படிச் சாப்பிடும், எப்படிச் செரிக்கும் என்று அம்மா கவலைப்பட்டாள். நாயின் சிறுகுடல் சில மீட்டர் நீளம். பாதியை எடுத்தாலும் பெரும்பாலான நாய்கள் சமாளித்துவிடும். எழுபது, எண்பது சதவீதம் போனால்தான் செரிமானம் தீராத பிரச்சினையாகும். ஒரு சாண் என்பது ஒன்றுமே இல்லை.

அப்படியானால் அபாயம் எங்கே? தையலில்.

குடல் சுவரில் நான்கு அடுக்கு. உள்ளே சளிப்படலம், அதை அடுத்து ஒரு நார் அடுக்கு, அதற்கு மேல் தசை, வெளியே பளபளப்பான மெல்லிய உறை. தசைதானே தடிப்பு, அதுதானே தையலைத் தாங்கும் என்று தோன்றும். தசையில் மட்டும் போட்ட தையல் பிய்த்துக்கொண்டு வந்துவிடும். தையலைத் தாங்குவது கண்ணுக்கே சரியாகத் தெரியாத அந்த நார் அடுக்குதான், ஏனென்றால் கொலாஜன் இருப்பது அங்கேதான். வில்லியம் ஹால்ஸ்டெட் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர் 1887இல் இதை நிறுவிக் காட்டினார். எந்த உயிரின் குடலில்? நாயின் குடலில். மனிதனுக்குக் குடல் ஆபரேஷன் செய்யும் ஒவ்வொரு டாக்டரும் இன்றைக்கும் ஊசியை அந்த அடுக்கு வழியாகச் செலுத்துகிறார். நம் வீட்டில் குடல்வால் வெடித்தோ குடல் முறுக்கியோ தைத்துப் பிழைத்தவர் யாராவது இருந்தால், அந்தப் பிழைப்பில் எங்கோ ஒரு நாயின் பங்கு இருக்கிறது. ஒரு நாய்க்குக் குடல் ஆபரேஷனா, இவ்வளவு செலவா என்று எங்களைக் கேட்டவர்களுக்கு நான் இதைத்தான் சொன்னேன். சொல்லும்போது தொண்டை அடைத்தது.

இன்னொன்றும் சேர்த்துச் சொல்கிறேன். வெகுகாலம் உடம்புக்குள் தைக்கப் பயன்பட்ட கேட்கட் நூல், ஆட்டுக் குடலின் இதே நார் அடுக்கை உரித்துத் திரித்துச் செய்தது. கிடை போடும் எங்கள் பக்கத்து ஆட்களிடம் சொன்னால் ஆச்சரியப்படுகிறார்கள். குடலைத் தைக்க இப்போது அதை விரும்புவதில்லை. செரிமான நீரும் அழற்சியும் அதைச் சீக்கிரம் அரித்துவிடும், புண் ஆறும் முன்பே நூல் தளர்ந்துவிடும். அதற்குப் பதில் பிடிஎஸ் என்ற செயற்கை நூல். பல வாரம் பிடிமானம் குறையாமல் இருந்து, ஆறு மாத வாக்கில் தானாகக் கரைந்து போகும். ஏறக்குறைய மூன்று மில்லிமீட்டருக்கு ஒரு தையல், விளிம்பும் விளிம்பும் நேருக்கு நேர் ஒட்டும்படி, இறுக்கி நெரிக்காமல். தைத்து முடித்த துண்டை இரண்டு பக்கமும் விரலால் அடைத்து உள்ளே உப்புநீர் செலுத்தி, கசிகிறதா என்று பார்க்கிறார்கள். கடைசியாக, வயிற்றுக்குள் இயல்பாகவே தொங்கும் கொழுப்புச் சவ்வை இழுத்துத் தையலைச் சுற்றிப் போர்த்துகிறார்கள். அந்தச் சவ்வு ரத்த ஓட்டம் கொண்டுவரும், சின்னக் கசிவு வந்தால் தானே போய் ஒட்டி அடைக்கும். ஆட்டுக்கறிக் கடையில் எல்லாரும் பார்த்த சவ்வுதான். உயிரோடு இருக்கும்போது அது செய்யும் வேலை இது.

சரி, இப்போது மூன்றாம் நாளுக்கு வருகிறேன்.

தைத்த அன்று குடல் முனைகளைப் பிடித்து வைத்திருப்பது நூல். கூடவே ரத்தத்திலிருந்து கசிந்து உறையும் ஃபைப்ரின் என்ற பசை. முதல் சில நாட்கள் அழற்சிக் காலம். வெள்ளணுக்கள் அங்கே வந்து சேர்ந்து, செத்த திசுவைச் சுத்தம் செய்கின்றன. சுத்தம் செய்யும் வேகத்தில் அவை விடும் நொதிகள் தையல் ஓரத்தில் இருக்கும் பழைய கொலாஜனையும் கரைக்கின்றன. புதிய கொலாஜன் இன்னும் போதிய அளவு உருவாகவில்லை. பழையது போய்க்கொண்டிருக்கிறது, புதியது வந்து சேரவில்லை. நூல் எதைப் பற்றிக்கொண்டு நிற்கிறதோ அதுவே இளகிப்போகும் இந்த இடைவெளிதான் மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாள் வரை. தையல் விடும் நாய்களில் பெரும்பாலானவற்றுக்கு அது நடப்பது இந்த நாட்களில்தான். குடல் தையல் போட்ட நாய்களில் ஏறக்குறைய பத்தில் ஒன்றுக்குக் கசிவு வரும் என்று நினைத்துக்கொள்ளலாம். கசிந்தால் வயிற்றறை முழுக்கக் கிருமி பரவும். மறுபடி திறந்து வைத்தியம் பார்த்தும் பாதிக்கு மேல் இறந்துபோனதாகப் பழைய ஆய்வுகள் சொல்கின்றன.

இந்தப் பள்ளத்தைத் தாண்டிவிட்டால் குடலின் வேகத்தைப் பார்த்துப் பிரமிக்க வேண்டியிருக்கிறது. தோலில் கொலாஜன் நெய்வது நார் செல்கள். குடலில் அவற்றோடு தசைச் செல்களும் சேர்ந்து நெய்கின்றன. பத்து, பதினான்கு நாளில் குடல் தன் பழைய வலுவின் பெரும்பங்கைத் திரும்பப் பெற்றுவிடும். வெளித்தோல் அந்த நிலைக்கு வர வாரக்கணக்கில் ஆகும். வெளியே தையல் பிரிக்கும் நாளில் உள்ளே ஆபத்து முடிந்து வெகுநாள் ஆகியிருக்கும்.

எந்த நாய்க்குக் கசிவு வரும் வாய்ப்பு அதிகம் என்பதும் ஓரளவு தெரியும். ஆபரேஷனுக்கு முன்பே குடல் ஓட்டையாகி வயிற்றறை கெட்டிருந்த நாய்க்கு. ரத்தத்தில் ஆல்புமின் என்ற புரதம் டெசிலிட்டருக்கு (100 மில்லிக்கு) 2.5 கிராமுக்குக் கீழே இறங்கிய நாய்க்கு. பல நாள் தின்னாமல் கிடந்ததற்கும், வயிறு நிறையப் பூச்சி உள்ளதற்கும் புரதம் இப்படி இறங்கும். கொலாஜன் புரதத்தால் ஆனது. சாப்பாடு இல்லாமல் அது எங்கிருந்து வரும்?

எங்கள் வீட்டில் சண்டை நடந்தது இந்த இடத்தில்தான். மறுநாளே கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பாடு கொடுக்கச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். ஆச்சி குறுக்கே வந்து நின்றாள்.

"ஏல, வயித்தைக் கிழிச்சுத் தச்சிருக்கு. அதுக்குப் போய்ச் சோறு வைக்கியே. மூணு நாளைக்கு வெறுந்தண்ணிதான். எங்க காலத்துல ஆபரேசன் பண்ணினவுகளுக்கே பச்சத்தண்ணி கொடுக்க மாட்டாவ."

"ஆச்சி, டாக்டர் சொன்னதைத்தான் செய்யுதேன்."

"டாக்டரு வந்து பாக்கவா போறாரு? தையலு விட்டுட்டுன்னா நாயி போயிரும்லா."

ஆச்சி சொன்னதில் அந்தக் காலத்து மருத்துவ அறிவு அப்படியே இருந்தது. குடல் ஆபரேஷனுக்குப் பிறகு நாட்கணக்கில் வாயைக் கட்டுவதுதான் அன்றைக்கு எல்லா மருத்துவமனைகளிலும் வழக்கம். அது மாறியதற்குக் காரணம் உண்டு. குடலின் உள்படலத்துச் செல்கள் தங்களுக்கு வேண்டிய உணவில் பெரும்பகுதியை ரத்தத்திலிருந்து எடுப்பதில்லை, தங்கள் மேல் நகர்ந்து போகும் சாப்பாட்டிலிருந்தே நேரடியாக எடுத்துக்கொள்கின்றன. சில நாளுக்கு ஒருமுறை முழுசாகப் புதுப்பிக்கப்படும் படலம் அது. பட்டினி போட்டால் அந்தப் படலம் மெலிந்து, கிருமி நுழைய இடம் கொடுக்கும். சாப்பாடு போனால் குடலுக்கு ரத்த ஓட்டம் கூடும், அசைவு திரும்பும், தையலும் வலுவாக ஆறும். வாந்தி நின்று, மயக்கம் நன்றாகத் தெளிந்த நாய்க்கு அரை நாளிலிருந்து ஒரு நாளுக்குள் உணவு தொடங்கலாம் என்பது இன்றைய முறை.

ஆச்சியிடம் இதையெல்லாம் விளக்கவில்லை. "பிள்ளை பெத்தவளுக்குச் சாப்பாடு போடாம இருந்தா புண்ணு ஆறுமா ஆச்சி?" என்று கேட்டேன். அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் அவளே எழுந்துபோய் அரிசியைக் குழைய வைத்தாள்.

எலும்பும் தோலும் கொழுப்பும் நீக்கிய கோழிக்கறியை வெறும் தண்ணீரில் வேகவைத்து நாராகக் கிழித்து, குழைந்த சோற்றோடு கரண்டியால் மசித்துக் கொடுத்தோம். உப்பு, மிளகாய், எண்ணெய் எதுவும் இல்லை. வெங்காயமும் பூண்டும் கூடவே கூடாது. அவை நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். குழம்பில் பிசைந்த சோறு கொடுத்தே பழகிய வீடுகளில் இதைக் கவனிக்க வேண்டும். முதல் தடவை ஒரு மேசைக்கரண்டிதான். செவலை முகர்ந்தது, முகத்தைத் திருப்பியது, மறுபடி முகர்ந்தது. ஆச்சி தன் விரல் நுனியில் கொஞ்சம் எடுத்து அதன் மேலுதட்டில் தடவினாள். நாக்கு வந்து நக்கியது. அடுத்தது விரலிலிருந்தே நக்கியது. மூன்றாவதற்குத் தட்டுக்கு வந்தது. ஒரு மணி நேரம் வாந்தி வருகிறதா என்று பார்த்தோம். வரவில்லை. சில மணிக்கு ஒருமுறை அதே அளவு, பிறகு கொஞ்சம் கூட்டி.

கவனித்தது சாப்பாட்டை மட்டுமல்ல. ஒரு நோட்டில் காய்ச்சல், ஈறு நிறம், மூத்திரம், மலம், வாந்தி எல்லாம் எழுதினோம். காய்ச்சல் பார்க்க, சாதாரண டிஜிட்டல் தெர்மாமீட்டரின் முனையில் தேங்காயெண்ணெய் தடவி ஆசனவாயில் கொஞ்சம் செலுத்தினால் போதும். நாயின் இயல்பான சூடு நம்முடையதைவிடக் கூடுதல், 100.5இலிருந்து 102.5 ஃபாரன்ஹீட் வரை. நெற்றியைத் தொட்டு நாய்க்குக் காய்ச்சல் என்று முடிவுகட்டுவதில் பொருளில்லை. 103ஐத் தாண்டினாலும் கவலை, 99க்குக் கீழே இறங்கினால் அதைவிடக் கவலை. மேலுதட்டைத் தூக்கி ஈறை விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்த இடம் இரண்டு நொடிக்குள் மறுபடி சிவக்க வேண்டும். நம் நாட்டு நாய்கள் பலவற்றுக்கு ஈறே கறுப்பு, ஒன்றும் தெரியாது. அப்போது கீழ் இமையைக் கொஞ்சம் இறக்கி உள்பக்கம் பார்க்க வேண்டும். வெளிறிப் போனாலும் தப்பு, செங்கல் நிறமாகச் சிவந்தாலும் தப்பு.

முதல் மலம் வர இரண்டு மூன்று நாள் ஆனால் பயப்பட வேண்டாம், வயிற்றில் ஒன்றும் இல்லையே. வரும்போது கறுத்து, கொஞ்சமாக வரலாம். நின்ற வாந்தி மறுபடி தொடங்குவது, நன்றாகத் தின்ற நாய் திடீரென்று தட்டைப் பார்க்காமல் இருப்பது, மூலையில் போய்ப் படுத்துக்கொண்டு கூப்பிட்டால் தலையைத் தூக்காமல் இருப்பது, வயிற்றைத் தொட விடாமல் இறுக்குவது, இவை வேறு. இவற்றில் ஒன்றைப் பார்த்தாலும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. முதல் இரண்டு நாள் நன்றாக இருந்து, மூன்றாம் நாள் சோர்ந்துபோகும் நாயைப் பார்த்து 'அலுப்பு' என்று சொல்லிவிடுவது மிகவும் எளிது. எத்தனையோ நாய்களின் உயிர் அந்த ஒரு சொல்லில் போயிருக்கிறது.

தையலை நக்காமல் இருக்கக் கழுத்தில் கூம்பு மாட்டுவார்கள். செவலைக்கு நீண்ட கழுத்து, வாங்கிய கூம்பைத் தாண்டி வாய் எட்டியது. பழைய பிளாஸ்டிக் வாளியின் அடியை வெட்டி, ஓரத்தில் துணி சுற்றி மாட்டினோம். அது எட்டவிடவில்லை.

மெடிக்கல் ஷாப்பில் வாங்கிக் கொடுக்கும் வலி மாத்திரையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் எல்லாம் நாயின் இரைப்பையிலும் குடலிலும் புண் போட்டு ஓட்டையே ஆக்கிவிடும். புதிதாகத் தைத்த குடலுக்கு அவை நஞ்சு. வலி இருக்கும், வலிக்கு மருந்தும் வேண்டும், ஆனால் அது நாயை அறுத்த டாக்டர் எழுதிக் கொடுத்த மருந்தாக, அவர் சொன்ன அளவில் இருக்க வேண்டும்.

மாங்கொட்டை ஒன்றுதான் காரணம் என்று இருந்துவிட வேண்டாம். கோயில் கொடை முடிந்த மறுநாள் கிடா வெட்டிய இடத்தில் கிடக்கும் எலும்பு, சாக்குச் சணல், கறி கட்டிய நூல், கிழிந்த சேலைத் துண்டு எல்லாம் நாயின் வயிற்றுக்குள் போகும். நூல்தான் எல்லாவற்றிலும் கொடியது. ஒரு முனை நாக்கின் அடியிலோ இரைப்பையின் வாயிலிலோ சிக்கிக்கொள்ள, மறுமுனையைக் குடல் கீழே கீழே இழுக்கும். பாவாடை நாடாவை இழுத்தால் துணி சுருங்கிக் கொசுவம் விழுவதுபோல் குடல் முழுக்க நூலின் மேல் ஏறிச் சுருங்கிவிடும். நூல் அதன் உள்ஓரத்தை அறுத்து ஒன்றுக்கு மேற்பட்ட இடத்தில் ஓட்டை போடும். வாயிலோ ஆசனவாயிலோ நூல் நீட்டிக்கொண்டிருந்தால் இழுக்காதீர்கள். அப்படியே டாக்டரிடம் கொண்டு போங்கள்.

குட்டிகளுக்கு வருவது வேறு. பார்வோ வைரஸ் கழிச்சலோ வயிற்றுப் பூச்சியோ கண்ட குட்டியின் குடல் வெறிகொண்டு அசையும்போது, ஒரு துண்டு அடுத்த துண்டுக்குள் போய்ச் செருகிக்கொள்ளும். குடல் செருகல் என்பார்கள். தடுப்பூசியையும் பூச்சி மருந்தையும் நேரத்துக்குக் கொடுத்தால் பெரும்பாலும் தவிர்க்கக் கூடியது. சரிசெய்த பிறகும் சில குட்டிகளுக்கு மறுபடி செருகும்.

தெருவில் நாலு வீடு தள்ளி இருக்கும் அண்ணாச்சியின் குட்டிக்குப் போன கார்த்திகையில் வந்தது இந்தச் செருகல்தான். ஆபரேஷன் முடிந்து வந்த மூன்றாம் நாள் ராத்திரி போன் பண்ணினார். "தம்பி, குட்டி ரெண்டு தரம் கக்கிட்டு. சோறு திங்கல. காலையில பாத்துக்கிடலாமா?" மழை கொட்டிக்கொண்டிருந்தது. இப்போதே கிளம்புங்கள் என்றேன். நானும் கூடப் போனேன், குட்டியை மடியில் வைத்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டுமே.

ராத்திரி வேலையில் இருந்த டாக்டர் ஸ்கேன் பார்த்தார். செருகல் திரும்ப வரவில்லை. வயிற்றறையில் கொஞ்சம் நீர் தெரிந்தது. ஆபரேஷனுக்குப் பிறகு கொஞ்சம் நீர் இருப்பது இயல்பு, ஆனால் அது எந்த நீர் என்று தெரிய வேண்டும். ஊசியால் சில துளி எடுத்து, கண்ணாடித் தகட்டில் தடவிச் சாயம் போட்டு நுண்ணோக்கியில் பார்த்தார். வெள்ளணுக்களுக்குள் பாக்டீரியா தென்பட்டால் தையல் கசிகிறது என்று பொருள், அப்படியானால் அந்த ராத்திரியே மறுபடி திறக்க வேண்டும். அண்ணாச்சி சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். டாக்டர் நெடுநேரம் தகட்டை நகர்த்தி நகர்த்திப் பார்த்துவிட்டு, "கிருமி இல்ல, குடல் அசைவுதான் மந்தமா இருக்கு. பொட்டாசியமும் கம்மி" என்றார். ட்ரிப்ஸில் பொட்டாசியம் சேர்த்து மெதுவாக ஏற்றினார்கள், வாந்திக்கு ஊசி போட்டார்கள். மறுநாள் மத்தியானம் குட்டி கஞ்சி குடித்தது, சாயங்காலம் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அண்ணாச்சி நாலாம் நாளுக்கும் ஐந்தாம் நாளுக்கும் கடையை அடைத்துவிட்டுக் குட்டியின் பக்கத்திலேயே இருந்தார்.